ஐம்பத்து மூன்று மணி முடிந்த பின்

அக்டோபர் மாதத்தில் எங்கள் குமரிக் கடலோரப் பங்கில் செபமாலை வீடுவீடாகச் செல்லும். மாதா சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பாட்டுடன் ஏந்திச் சென்று, முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, ஐம்பத்து மூன்று மணிச் செபத்தைச் சொல்லி, சுண்டலோ கடலையோ வாங்கிக்கொண்டு கலைவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வெள்ளிக்கிழமை மாலையில், ஆண்டவருக்கு முள்முடி சூட்டப்பட்டதைத் தியானிக்கும் பத்தில், முன்னின்று செபம் சொல்ல வேண்டியவரின் குரல் திடீரென்று நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தோம். தையல் வேலை செய்யும் எங்கள் தோழி சுவரில் சாய்ந்து, வாய் சற்றே திறந்திருக்க, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். சிறுவர்கள் சிரித்தார்கள். மறைப்பானேன்? நாங்களும் சிரித்தோம்.

அவர் விழித்துக்கொண்டார். சிரிப்பைக் கண்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"எட்டு மாசமா ராத்திரி கண்ணு மூடல்ல. இங்க வந்து இருந்தா மட்டும் சொருகுது. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

சுண்டல் பாத்திரம் வந்தது. யாரும் கை நீட்டவில்லை.

நாங்கள் ஒரே அன்பியத்தைச் சேர்ந்த ஆறு பெண்கள். அன்று எங்களுள் இளையவருக்கு வயது 46, மூத்தவருக்கு 61. எங்களில் ஒருவர் எழுத, மற்றவர்கள் கேட்டு, சேர்க்கச் சொன்னதைச் சேர்த்து, நீக்கச் சொன்னதை நீக்கி உருவானது இக்கட்டுரை. ஆகவேதான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம். மறைமாவட்ட இதழில் இத்தகைய செய்தியை எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இல்லாமலில்லை. மகப்பேறு பற்றி மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். மாதவிடாய் நின்றுபோவது பற்றிக் கோவில் வளாகத்தில் எவரும் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. அதற்கு எங்கள் பேச்சிலும் ஒரு சொல் இல்லை. 'நின்னு போச்சு' என்போம். எது நின்றது என்று சொல்வதில்லை.

அன்றிரவு தோழியின் வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஒருவர் பின் ஒருவராக அனைவரும் அதையே சொன்னோம். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு விழிப்பு. அடிவயிற்றிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ ஒரு சூடு கிளம்பி, கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறி, அடுத்த கணம் இரவிக்கையும் தலையணையும் நனைந்துவிடும். எழுந்து துடைத்துக்கொண்டு படுத்தால் குளிர் நடுக்கும். பிறகு கோபுரக் கடிகாரம் இரண்டு அடிக்கும். மூன்று அடிக்கும். வள்ளங்களின் மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் தேய்ந்து மறையும். விடியும்போது கண் அசரும்; ஆனால் அப்போது எழ வேண்டும். ஒரே தெருவில், பத்துப் பதினைந்து அடி இடைவெளியில், ஆறு வீடுகளில் ஆறு பேர் ஆண்டுக்கணக்கில் இப்படி விழித்துக் கிடந்திருக்கிறோம். ஒருவருக்கு மற்றவரின் விழிப்புத் தெரியவில்லை. எங்களுள் மூத்தவர், "எனக்கு இது ஏழு வருசம் இருந்தது. கிறுக்குப் பிடிக்கப் போவுதுன்னு நெனச்சேன். யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்றார். அவருக்கு அது ஓய்ந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தையற்காரத் தோழி இதற்கு முன்பே, தவக்காலத்தில், உறக்கம் வரவில்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அப்போது நாங்கள் தந்த அறிவுரை: "செபமாலையைக் கையில வச்சிக்கிட்டுப் படு. மூணாவது பத்து முடியும் முன்னே உறங்கிருவ." நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எங்கள் தாய்மார் எங்களுக்குச் சொன்னதும் அதுவே. ஆனால் அன்று திண்ணையில் அவர் சொன்னதைக் கேட்டபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை. அவர் அப்படியே செய்திருக்கிறார். முதல் ஐம்பத்து மூன்று மணி முடிந்தது. உறக்கமில்லை. இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. நாளடைவில் செபமாலையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கியதாம். "நான் செபிக்கல்ல, உறக்கம் வருதான்னு காத்துக்கிட்டுக் கிடந்தேன். மாதாவுக்கே என்ன வேண்டாம்னு ஆயிப்போச்சுன்னு தோணிச்சு." ஆறு மாதமாக அவர் இரவில் செபமாலையைத் தொடவில்லை, பகலில் மட்டும் எங்களோடு சேர்ந்து சொல்லியிருக்கிறார், அதுவும் ஊருக்காக.

அவருடைய பக்கத்து வீட்டார் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தந்த நாட்காட்டித் தாளில் ஒரு நாள் 127-ஆம் திருப்பாடலின் வசனம் வந்திருந்தது. உறக்கத்தை இறைவன் தம் அன்பருக்குத் தரும் கொடையாக அந்த மொழிபெயர்ப்பு பேசுகிறது. அதைப் படித்தவர் தமக்குள் கணக்குப் போட்டுவிட்டார்: உறக்கம் அன்பருக்கென்றால், உறங்காத நான் யார்? எங்களிடையே இருந்த ஆசிரியை பின்னர் கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டினார். அதில் பொருள் வேறு விதமாக வருகிறது: அன்பர்கள் உறங்கும் வேளையிலும் அவர்களுக்கு வேண்டியது இறைவனிடமிருந்து வந்து சேர்கிறது என்ற கருத்து. மூல மொழியில் இரண்டு விதமாகவும் கொள்ள இடமுண்டாம். ஒரு சொல்லின் இரு பொருளுக்கிடையே ஒரு பெண் ஆறு மாதம் தவித்திருக்கிறார். எங்களில் எவரேனும் கேட்டிருந்தால் ஒரு மாலையில் தீர்ந்திருக்கும்.

அவர் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். செபத்தில் உறங்கிவிட்டதையும், இரவெல்லாம் விழித்துப் பகலில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்ததையும் பாவமென்று சொன்னாராம். பங்குத் தந்தை, அக்டோபர் முதல் நாளில் நாம் விழாக் கொண்டாடும் குழந்தை இயேசுவின் தெரேசா செப வேளைகளில் உறங்கிப்போனதைத் தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருப்பதை எடுத்துச் சொல்லி, "இது பாவமில்லை அம்மா. மருத்துவரைப் பாருங்கள்" என்றாராம். இதைத் தோழி எங்களிடம் வியப்போடு கூறினார். சாமி மருந்துக்கு அனுப்புவார், நாங்கள் செபத்துக்கு அனுப்பினோம் என்று மூத்தவர் சொன்னபோதுதான் அந்த இரவில் முதன்முறையாகச் சிரித்தோம்.

ஆசிரியையின் கதை வேறு. அவருக்கு 49 வயதில் தொடங்கியது. ஒரு மருத்துவர் இரண்டு வாரத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் எட்டு ஆண்டுகளாயிற்று. 2014 முதல் இம்மாத்திரை மருத்துவர் சீட்டின்றி விற்கப்படக்கூடாத 'எச்1' பட்டியலில் இருக்கிறது. விற்பதைத் தனிப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். இருந்தும் பழைய சீட்டைக் காட்டியே அவருக்குக் கிடைத்து வந்தது. அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று ஒன்றரையாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஓரிரவு கழிப்பறைக்குச் செல்கையில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஈரத்தில் வழுக்கியது என்றே எங்களிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் தாம் மாத்திரைக்கு அடிமையானதை எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

திண்ணைப் பேச்சின் பயனாக, நாங்கள் அறிந்த அருட்சகோதரி ஒருவரை அன்பியக் கூட்டத்துக்கு அழைத்தோம். அவர் மகப்பேறு மருத்துவர். செபித்துத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "முதல்ல எல்லாரும் உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்று தரையில் அமர்ந்துவிட்டார்.

அவர் விளக்கியதை எங்களுக்குப் புரிந்த அளவில் தருகிறோம். ஓராண்டு முழுவதும் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றதாகக் கொள்வர். மேலைநாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதையொட்டி நேர்வது, இந்தியப் பெண்களுக்கு 46, 47-இலேயே நேர்கிறது. தொல்லைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறியிறங்கிக் குறையும்போது, மூளையின் அடிப்பகுதியில் உடற்சூட்டைக் காக்கும் இடம் அளவுக்கு மீறி நுட்பமாகிவிடுகிறது. உடல் சூடு இம்மியளவு உயர்ந்தாலும் ஏதோ தீப்பற்றியதுபோல் அது வியர்வையைத் திறந்துவிடுகிறது. உறக்கத்துக்குத் துணைசெய்யும் புரோஜெஸ்டிரோனும் அதே காலத்தில் குறைகிறது. வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் உறக்கம் கெட்டால் அதை நாட்பட்ட உறக்கமின்மை என்பார்களாம். எங்களில் சிலருக்கு அது ஐந்தாண்டுக் கணக்கு.

ஆனால் எல்லாவற்றையும் மாதவிடாயின்மேல் சுமத்தக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பு மிகுந்திருந்தது, மருந்தில் அடங்கியது. பெருங்குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிந்த இன்னொருவருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடுவது தெரியவந்தது. ஆசிரியையிடம் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று எச்சரித்து, மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்தார். அதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. ஹார்மோன் மருந்து பற்றியும் கேட்டோம். 2002-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அச்சத்தை எழுப்பியபின் உலகெங்கும் பெண்கள் அதைக் கைவிட்டார்கள். பிற்பாடு அதே தரவுகளை வயதுவாரியாகப் பார்த்ததில், 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகாதவர்களுக்கும், தொல்லை மிகுந்திருந்தால், பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்று தெளிந்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. எங்களுள் ஒருவர் பரிசோதனைக்குப் பிறகு எடுத்துக்கொண்டார். அவருக்கு இரவு வியர்வை பெரிதும் குறைந்தது.

எங்கள் அனைவருக்கும் பொதுவாக அவர் கொடுத்த மருந்து ஒரு நோட்டு. எப்போது படுத்தோம், எப்போது விழித்தோம், எப்போது எழுந்தோம் என்று இரண்டு வாரம் குறிக்க வேண்டும். குறித்ததைக் கூட்டிப் பார்த்தபோது திகைத்தோம்: படுக்கையில் கிடப்பது ஒன்பது மணி நேரம், உறங்குவது ஐந்தே கால். "மீதி நேரம் படுக்கைக்கு விழிச்சிருக்கக் கத்துக் குடுக்கிறீங்க" என்றார் சகோதரி. 1972-இல் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இதில் ஒரு பகுதி: கண் சொருகினால் மட்டுமே படுக்க வேண்டும், ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் சென்று அமர வேண்டும், மீண்டும் கண் சொருகினால் திரும்பலாம், எப்படி உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இதனோடு படுக்கும் நேரத்தையும் உறங்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். 2016-இல் அமெரிக்க மருத்துவர் அமைப்பொன்று நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இத்தகைய பயிற்சியையே முதலில் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததாம்.

கேட்க எளிதாக இருந்தது. முதல் வாரம் நரகம். இரவு பதினொன்றரை வரை விழித்திருக்க என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவையெல்லாம் ஒழுங்குபடுத்தினோம். ஞாயிறு மறையுரையில் எங்கள் வரிசையே சாய்ந்து கிடந்ததைப் பாடகர் குழு பார்த்து வைத்திருக்கிறது. தையற்காரத் தோழி வழவழப்பான துணியில் தைத்த எங்கள் இரவு நைட்டிகளையெல்லாம் கழித்துவிட்டு, மெல்லிய பருத்தியில் ஆளுக்கு மூன்று தைத்துத் தந்தார். திருடர் பயத்தில் அடைத்திருந்த சன்னல்களுக்குக் கம்பிவலை போட்டுத் திறந்தோம். மூன்றாம் வாரத்தில் ஒருவருக்கு நாலரை மணி நேரம் ஒரே உறக்கம் வந்தது. அன்று காலைத் திருப்பலிக்கு முன் கோவில் வாசலில் அவர் அதை அறிவித்த முறையைக் கண்டவர்கள், வீட்டில் பேரப்பிள்ளை பிறந்ததென்றே எண்ணினார்கள்.

செபமாலை பற்றி அருட்சகோதரி எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. படுக்கையில் வேண்டாம், எழுந்து நாற்காலியில் அமர்ந்து சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். தையற்காரத் தோழி நெடுநாள் அதையும் செய்யவில்லை. விழித்த இரவுகளில் நாற்காலியில் வெறுமனே அமர்ந்திருந்தாராம். பிறகு ஓரிரவு, உறக்கத்தைக் கேட்காமல், வெளிநாட்டில் கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்காக ஒரு பத்து சொன்னதாகக் கூறினார். ஒரு பத்துதான். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

சகோதரியின் முறைக்கு அடங்காத ஒருவர் எங்களிடையே இருந்தார். அவருடைய கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். இரண்டரை மணிக்குப் புறப்பாடு. இரண்டு மணிக்கே எழுந்து கட்டன்சாயா போட்டு, பனியனையும் டார்ச்சையும் எடுத்து வைத்து, வாசலில் நின்று அவர் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவது அவர் வழக்கம். அதன்பின் உறக்கம் எங்கிருந்து வரும்? பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழ வேண்டும், நடுவில் எழக்கூடாது என்று சகோதரி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அவரு போறத நான் பாக்காம இருக்க முடியாது சிஸ்டர். என் தம்பி போனத நாங்க யாரும் பாக்கல்ல."

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் எங்கள் கடலைப் புரட்டிப்போட்டது. மீனவராகிய புனித அந்திரேயாவின் திருநாள் அது. முந்தின மாலை கடலுக்குப் போன அவருடைய தம்பி திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அன்று தொடங்கி அவருக்கு உறக்கம் கெட்டது. மாதவிடாய் நின்றது அதற்கு மூன்றாண்டுகள் பின்னர்தான். இந்தக் கணக்கை அவரும் போட்டுப் பார்த்ததில்லை, நாங்களும் போட்டதில்லை. சகோதரி நோட்டை மூடி வைத்துவிட்டார். அன்று அவருக்கு முறை எதையும் சொல்லவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டார். இரண்டு மணி நேரம் பேசினார்கள். பிறகும் பல முறை பேசினார்கள்.

அந்த நாட்களில் அன்பியக் கூட்டத்தின் பகிர்வுக்கு மாற்கு நான்காம் அதிகாரம் வந்தது: புயலில் படகின் பின்புறம் ஆண்டவர் உறங்கும் பகுதி. மத்தேயுவும் லூக்காவும் இந்நிகழ்ச்சியை எழுதியிருந்தாலும் தலையணையைக் குறிப்பிடுபவர் மாற்கு ஒருவரே என்று ஆசிரியை சொன்னார். "பகல் முழுக்க பேசிக் களச்சுப்போனவரு" என்றார் மூத்தவர். வழக்கமாக இந்தப் பகுதியில் சீடர்களின் நம்பிக்கைக் குறைவைப் பற்றியே பேசுவோம். தம்பியை இழந்தவர், "எழுப்பினவங்க பக்கம்தான் நான்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

சாயாவைப் பற்றிக் கணவரிடம் பேசத் துணிந்தவரும் மூத்தவரே. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் நேரே போய்ச் சொன்னார். அவர் வலையிலிருந்து தலை தூக்காமல், "சாயா நான் போட்டுக்கிட மாட்டேனா? அவ ஒரு நாளும் சொல்லல்லியே" என்றாராம். முப்பது ஆண்டுகள்! இப்போது இரவு எட்டு மணிக்கு, அவர் உறங்கப் போகும் முன், சாயா ஃபிளாஸ்கில் நிறைந்துவிடும். பனியனும் டார்ச்சும் கதவருகே இருக்கும். நெற்றியில் சிலுவையும் அப்போதே வரையப்படும். முதல் சில இரவுகள் அவர் கண்ணை மூடியபடியே கேட்டுக் கிடந்தார்: கதவுத் தாழ், செருப்புச் சத்தம், மோட்டார். பிறகொரு நாள் விழித்தபோது வெளுத்திருந்தது. பக்கத்துப் பாய் காலி. போன சத்தம் கேட்கவில்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார். எட்டு மணிக்கு வள்ளம் அடைந்தது. கலைந்த தலையோடு நின்றவரைக் கண்டு கணவர், "என்ன, நீயும் உறங்கினியா?" என்று கேட்டாராம்.

இப்போது அவர் வாரத்தில் நான்கைந்து இரவுகள் உறங்குகிறார். கடலில் காற்று பலமாக வீசும் என்று வானிலை எச்சரிக்கை வரும் நாட்களில், கணவர் கடலுக்குப் போகாமல் பக்கத்திலேயே படுத்திருந்தாலும், உறங்குவதில்லை. வாசற்படியில் வந்து அமர்ந்துவிடுகிறார். விளக்கு எரிவதைக் கண்டால் எங்களில் விழித்திருக்கும் யாராவது போய்ப் பக்கத்தில் உட்காருவோம். அந்த இரவுகளை நோட்டில் கணக்கு வைக்க வேண்டாம் என்று சகோதரி சொல்லிவிட்டார்.